படித்த நூல்களின் பற்றுவரவு

(ஆறுமுகநேரியில் நமது சங்க உறுப்பினரும் குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்திலே ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசவேண்டுமென்று காரியதரிசியவர்கள் பணித்தபோது, கல்வியைப்பற்றிப் பேசுமாறு சிலரும் வாணிகத்தைப்பற்றிப் பேசுமாறு சிலரும் விரும்பினார்கள். இருதிறத்தார் விருப்பத்தையும் ஒருங்கே நிறைவேற்றக் கருதி, நாம் படிக்கும் நூல்களுக்குக் கணக்கு வைத்தல் என்னும் வழக்கத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் கூறத் துணிந்தேன். பொருள் சிறிதாகத் தோன்றலாம். அதனால் விளையும் பயன் சிறிதன்று என்பதைத் தாங்கள் பொறுமையுடன் கேட்பின் உணர்வீர்கள்.

கணக்கு என்பது நம்மவர்க்குப் புதிய விஷயமன்று. இவ்வூர் உப்பளங்களிலே எந்தப் பாத்தியில் எத்தனை முறை உப்பு வாரப்பட்டது, அம்பாரத்திலிருந்து எத்தனை மூட்டை கட்டப்பட்டது, லாரியில் எத்தனை மூட்டை ஏறியது என்பனவெல்லாம் அன்றன்றே எழுதப்படுகின்றன. கடை வைத்திருப்போர் நாள்வழி எழுதி, அதனைப் பேரேட்டிற் பெயர்த்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை போட்டுப் பார்க்கின்றனர். இக்காலத்தில் ஏட்டின் இடத்திலே கணிப்பொறி வந்து அமர்ந்திருப்பினும், வரவு இன்னது, செலவு இன்னது, இருப்பு இன்னது என்று அறியாமல் உறங்கப்போகும் வியாபாரி நம்மில் ஒருவருமில்லை.

சரசுவதி பூசையன்று நம் இல்லங்களிற் கணக்குப் புத்தகமும் படிப்புப் புத்தகமும் ஒரே பீடத்தில் அருகருகே வைக்கப்படுகின்றன. மறுநாள் காலையில் அவை பிரிந்து, கணக்குப் புத்தகம் கடைக்குப் போகின்றது. படிப்புப் புத்தகம் அலமாரிக்குப் போகின்றது. கடைக்குப் போன புத்தகத்தை ஆண்டு முழுவதும் திறக்கின்றோம். அலமாரிக்குப் போன புத்தகத்தை யார் எடுத்தார், எப்பொழுது முடித்தார், என்ன பெற்றார் என்று கேட்பாரில்லை. பணத்துக்கு இத்தனை காவல் வைத்திருக்கின்ற நாம், அறிவின் வரவுக்கு ஒரு வரி எழுதி வைப்பதிலும் சோம்பலுறுவது நியாயமாகுமா?

இவ்விடத்திலே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். படிப்பு என்பது உள்ளத்தின் காரியம். அதனை மூட்டைக்கணக்குப்போல் எண்ணுவது தகுமோ என்று அறிஞர் சிலர் வினவலாம். அவர்கள் வினா நியாயமானதே. எத்தனை நூல் படித்தேன் என்று எண்ணிக்கை சொல்லிப் பெருமை கொள்வதற்காகக் கணக்கு வைப்பின் அதனாற் பயனில்லை. கணக்கின் மெய்ப்பயன் வேறு. அதனை விளக்குவதற்கு மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் காட்டிலும் சிறந்த சான்று யான் அறிந்தவரையில் இல்லை.

ஐயரவர்கள் 1855 இல் பிறந்தவர்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல ஆண்டுகள் பாடங் கேட்டு, 1880 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21 ஆம் நாள், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார்கள். முதலியார் அவர்கள், யாரிடம் பாடங் கேட்டீர், என்னென்ன நூல்களைப் படித்தீர் என்று வினவினார்கள். இருபத்தைந்து வயது நிரம்பிய அவ்விளம் புலவர், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் உலாக்களையும் புராணங்களையும் இலக்கண நூல்களையும் வரிசையாக எடுத்துக் கூறினார்கள். கேட்போர் வியக்கத்தக்க நீண்ட பட்டியல் அது. முதலியார் வியக்கவில்லை. இவையெல்லாம் படித்ததனால் என்ன பிரயோசனம் என்னும் கருத்துப்படப் பேசி, இவற்றுக்கெல்லாம் மூலமாயுள்ள பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார்கள். சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்னும் பெயர்களையும் சொன்னார்கள். அந்நூல்கள் ஐயரவர்கள் பட்டியலில் இல்லை. படிப்பதற்குப் புத்தகமும் அக்காலத்தில் எளிதிற் கிடைப்பதாயில்லை. பின்னர் முதலியாரவர்களே சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி யொன்றைக் கொடுத்துப் படிக்கச் செய்தார்கள்.

அதன் பின் நிகழ்ந்தது தமிழுலகம் அறிந்த சரித்திரம். 1887 இல் சீவகசிந்தாமணி அச்சாயிற்று. 1889 இல் பத்துப்பாட்டும், 1892 இல் சிலப்பதிகாரமும், 1894 இல் புறநானூறும், 1898 இல் மணிமேகலையும் வெளிவந்தன. ஒரு முன்சீபின் கூடத்திலே ஒருவர் தாம் படித்தவற்றை வரிசைப்படுத்திச் சொன்னதும், மற்றொருவர் அவ்வரிசையில் இல்லாதது இன்னதென்று சுட்டியதும் இத்தனை நூல்கள் வெளிவருவதற்குத் தோற்றுவாயாயின.

இதனால் நாம் கொள்ளவேண்டிய உண்மை யாது? படித்தவற்றின் பட்டியல், படியாதவற்றைக் காட்டும் விளக்காகும். பட்டியலே இல்லாதவனுக்குத் தன் குறை தெரியாது. ஐயரவர்களுக்கு அவர்கள் கற்ற நூற்பெயர்கள் நாவில் வரிசையாக நின்றமையாலன்றோ, முதலியாரவர்களுக்கு எங்கே வெற்றிடம் உள்ளதென்று ஒரு நொடியில் தெரிந்தது? கடையிலும் அப்படியே. சரக்கிருப்பு எழுதி வைத்திருப்பவனுக்கே இல்லாத சரக்கு இன்னதென்று தெரியும். எழுதாதவன் வாடிக்கைக்காரன் கேட்ட பிறகு மூட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பான்.

நிற்க. ஐயரவர்கள் வரலாற்றிலே நம் பகுதிக்கு உரிய மற்றொரு செய்தியும் உளது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் வரைந்த உரையில், மேற்கோளாக வரும் அடிகள் பல, இன்ன நூலின என்று பெயர் குறிக்கப்படாமல் வருகின்றன. ஐயரவர்கள் அவ்வடிகளைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு சுவடியிலும் அவை உளவோ என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவ்வாறு பார்த்தமையாலேயே, பெயர் தெரியாத பல வரிகளுக்குத் தாய்நூல் இன்னதென்று புலப்பட்டது. பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி அவர்கள் நம் பொருநைக் கரைக்கும் வந்தார்கள். இவ்வாறுமுகநேரியில் வண்டியேறிக் குரும்பூரும் நாசரேத்தும் கடந்தால் வருகின்ற ஆழ்வார்திருநகரியிலே, கவிராயர் ஒருவர் வீட்டுச் சுவடிகளைக் கட்டுக்கட்டாக அவிழ்த்துப் பார்த்தும் தேடியது கிடைக்கவில்லை. பின்னர் அக்கவிராயரின் உறவினர் இல்லத்திலிருந்து வந்த ஏடுகளில் அதனைக் கண்டு களித்தார்கள். அந்நாளில் திருச்செந்தூர் இரயில் பாதை இல்லை. அது 1923 இல் வந்தது. இன்று அரைமணி நேரத்தில் வண்டி கடக்கின்ற அவ்வூரிலே ஒரு நூல் உயிர் தப்பிற்று என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

காந்தியடிகளும் படிப்புக்குக் கணக்கு வைத்தவர். 1922 இல் ஆறாண்டுத் தண்டனை பெற்று எரவாடாச் சிறையில் இருந்தபோது, தாம் படித்த நூல்களின் பெயர்களைத் தம் நாட்குறிப்பில் எழுதிவந்தார். மகாபாரதமும், கிப்பன் என்பார் எழுதிய பெரிய உரோமாபுரிச் சரித்திரமும் அப்பட்டியலில் அடங்கும். 1924 பிப்ரவரியில் விடுதலையான பின்னர், சிறையிற் படித்தவைபற்றித் தம் பத்திரிகையிலும் எழுதினார். பொதுப்பணத்தில் ஒரு காசுக்கும் கணக்குக் கேட்ட அப்பெரியார், தமக்குக் கிடைத்த ஓய்வு நேரத்துக்கும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவராகத் தம்மை எண்ணினார் என்று யான் கொள்ளுகின்றேன்.

இனி, பெரியோரை விடுத்து, எளியேன் வழக்கத்தைச் சிறிது கூறுவேன். 1988 ஆம் ஆண்டு தொடங்கி ஒரு கோடிட்ட நோட்டில் யான் படிக்கும் நூல்களை எழுதி வருகின்றேன். இப்பொழுது நடப்பது நான்காவது நோட்டு. அதில் ஐந்து பத்திகள் உள்ளன. தொடங்கிய நாள், முடித்த நாள், நூலும் ஆசிரியரும், யாரிடமிருந்து பெற்றது, மனத்தில் நின்றது ஒரு வரி என்பன அவை. பாதியில் நிறுத்திய நூல்களுக்கு நோட்டின் பின்புறத்தில் தனியிடம் உண்டு. பிறர் சொல்லக் கேட்டு இன்னும் கைக்கு வாராத நூல்களுக்கும் தனியே ஒரு பக்கம் உண்டு. அப்பக்கத்தை யான் முதலியார் பக்கம் என்று சொல்லிக்கொள்வது வழக்கம்.

அந்நோட்டைத் திருப்பிப் பார்த்தால் பல செய்திகள் தெரிகின்றன. பங்குனி முதல் ஆவணி வரையில், வெயிலில் உப்பு விளைந்து வேலை நெருக்கும் மாதங்களிலே, வரிகள் அருகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து பாத்திகள் மூழ்கி அளத்து வேலை ஓய்ந்தவுடன் வரிகள் நெருங்கும். வானம் நமக்கு வேலை தரும் காலம் ஒன்று, படிப்பைத் தரும் காலம் ஒன்று. கையில் ஊதியமில்லாத அம்மாதங்களை வீண் மாதங்களென்று நம் ஊரார் சலித்துக்கொள்வர். என் நோட்டின்படி அவை விளைச்சல் மாதங்களேயாகும்.

சில வரிகளின் ஓரத்திலே ‘அம்மா கேட்டது’ என்று எழுதியிருக்கும். என் தாயார் பள்ளிக்கூடத்துக்குச் சென்றவரல்லர். கையெழுத்துப் போடுவதோடு அவர் எழுத்தறிவு முடிந்தது. இரவில் யான் உரக்கப் படிக்க, அவர் முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார். கதையில் ஒரு பாத்திரம் அநியாயம் செய்தால் முறம் நின்றுவிடும். அப்பகுதியை மறுபடியும் படிக்கச் சொல்லுவார். அவ்வாறு அவர் கேட்ட நூல்கள் நாற்பத்திரண்டு. அவர் மறைந்தபின் ஒருநாள் என் பேத்தி அந்நோட்டைப் பார்த்து, “பூட்டியம்மா நாற்பத்திரண்டு புத்தகம் படித்திருக்கிறார்களே!” என்றாள். எழுத்தறியாதவர் என்று ஊரும் அரசாங்கக் கணக்கும் எழுதி வைத்திருந்த ஒருவரை, ஒரு நோட்டின் ஓரக்குறிப்பு படித்தவராக்கிவிட்டது. தாய்மார்களே! உங்கள் இல்லத்தில் அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பவர் இருப்பின், அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

‘யாரிடமிருந்து பெற்றது’ என்னும் பத்திக்கு வருகின்றேன். வாணிகர்க்குக் கடன் பெற்ற பெயரை மறத்தல் தருமமன்று. என் நோட்டில் மூன்றிலொரு பங்கு நூல்கள் இரவல் பெற்றவையே. அவற்றுள்ளும் மிகுதியானவை ஒரே இல்லத்திலிருந்து வந்தவை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இப்பகுதியில் வாழ்ந்துவந்தார். அவர் பெயரை ஈண்டுக் கூறவில்லை. ஞாயிறுதோறும் அவர் திண்ணையில் இரண்டு புத்தகம் கொடுத்து இரண்டு புத்தகம் வாங்கி வருவேன். அவர் காலமானபோது மக்கள் யாவரும் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தனர். கிரியைகள் முடிந்து வீடு பூட்டப்படுமுன் புத்தகங்களெல்லாம் எடைக்குப் போயின. யான் அறிந்து பழைய பேப்பர் கடைக்குச் சென்றபோது, தராசின் பக்கத்திலே ஏழு புத்தகங்களே மிஞ்சியிருந்தன. அவற்றின் முதற்பக்கத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து இருந்தது. மற்றவை வண்டியேறிவிட்டன.

யாரையும் குறைகூற இதனைச் சொல்லவில்லை. பிழைப்பை நாடிக் கடல் கடந்தவர்க்கு அலமாரியைத் தூக்கிச் செல்ல இயலுமா? அவர்களுக்கு அப்புத்தகங்கள் இன்னவை என்பதும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு பட்டியலும் இல்லை. சில ஆண்டு கழித்து அவ்வாசிரியரின் பேரப்பிள்ளை ஒருவர் ஊருக்கு வந்து, “தாத்தா என்னதான் படித்தார்கள்?” என்று கேட்டார். என் நோட்டுகளிலிருந்து அவர் இல்லத்து நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றின் பெயர்களைப் பெயர்த்தெழுதி, மிஞ்சிய ஏழு புத்தகங்களோடு கொடுத்தேன். அந்த ஆசிரியர் அறுபதாண்டு சேர்த்த புத்தகசாலையில் இப்பொழுது உலகில் எஞ்சியுள்ளது அவ்வளவே. இரவல் வாங்கியவன் கணக்கு வைத்திருந்தமையால் அவ்வளவேனும் எஞ்சிற்று.

இஃது ஓர் இல்லத்தின் துக்கமென்று எண்ணற்க. இக்கரைக்கே இது நேர்ந்ததுண்டு. நமக்கு வடகிழக்கே பொருநை கடலொடு கலக்குமிடத்தில் புன்னைக்காயல் உள்ளது. அங்கே தங்கி இக்கரை மக்களிடையே பணிபுரிந்த அண்டிரிக்கு அடிகளார், அடியார் வரலாறு என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சிடுவித்தார். ஆண்டு 1586. தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகிய அது, முத்துக்குளித்துறை மக்கள் படிப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதனை இக்கரையிலே எத்தனை குடும்பங்கள் படித்தன, எத்தனை தலைமுறை கைமாறிற்று என்று சொல்ல ஒரு குறிப்பேடும் நம்மிடம் இல்லை. அந்நூலின் படியோ கடல்கள் பல கடந்து வத்திக்கான் நூலகத்திலே காக்கப்பட்டிருந்தது. 1967 இல் தூத்துக்குடியிலிருந்து அது மறுபடியும் அச்சாகி வெளிவந்தது. தன் ஊருக்குத் திரும்ப ஒரு நூலுக்கு 381 ஆண்டுகள் சென்றன! பட்டியல் எழுதிப் பாதுகாத்த இடத்தில் நூல் நின்றது. படித்த இடத்தில் அதன் நினைவும் நிற்கவில்லை.

ஆதலின், நமது சங்கத்தார் முன்னிலையிற் சில விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, ஒவ்வோர் இல்லத்திலும் படிப்புக் கணக்கென ஒரு நோட்டு இருத்தல் வேண்டும். அது வீட்டுக்குப் பொதுவானதாயிருக்கட்டும். பெரியவர், சிறியவர், ஆண், பெண், மருமகள், கேட்போர் யாவர் பெயரும் அதில் வரட்டும். கைப்பேசியிற் படிப்பவரும் அதில் எழுதட்டும். திரையிற் படித்ததும் படிப்பேயாகும். ஆயினும் எழுத்தைக் கையால் எழுதுவது நன்று. கைப்பேசி மாறும்போது அதிலுள்ள குறிப்புத் தொலைவதை நாம் காண்கின்றோமல்லவா?

இரண்டாவது, எண்ணிக்கைக்குப் பரிசு வழங்கலாகாது. அதிகம் படித்த பிள்ளைக்குப் பரிசு என்று அறிவித்தால், பிள்ளைகள் மெல்லிய புத்தகங்களாகத் தேடி எடுப்பர். அளவு மரக்காலில் வைக்கோலை நிரப்பினாலும் நிரம்பும். மனத்தில் நின்ற ஒரு வரியை எழுதச் சொல்லி, அதனைக் கேட்டு மகிழ்வோம். வரி எழுத இயலாத நூலுக்கு வெற்றிடம் விடுவதும் உண்மையான கணக்கேயாகும்.

மூன்றாவது, நம்மவர் இல்லம் ஏதேனும் பூட்டப்படும் நிலை வருமாயின், அங்குள்ள புத்தகங்கள் எடைக்குப் போகுமுன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை தெரிவிக்கவேண்டும். இரண்டு இளைஞர் ஒரு பிற்பகல் அமர்ந்தால் ஓர் அலமாரியின் பட்டியலை எழுதிவிடலாம். எல்லாப் புத்தகத்தையும் காக்க நம்மால் இயலாது. பெயர்களைக் காக்க இயலும்.

நான்காவது, பொது நூலகங்களை நாம் பயன்படுத்துதல் வேண்டும். சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள் போன்றோர் இடைவிடாது முயன்றமையால் 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பயனாக நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் சேர்த்துச் செலுத்தி வருகின்றோம். வியாபாரிகளே! ஆண்டுதோறும் முதல் போட்டுவிட்டுச் சரக்கெடுக்காமல் வருகின்றவர் நம்மில் எத்தனை பேர்? ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது இரங்கநாதனார் 1931 இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. அலமாரியிலே காத்திருக்கும் அந்நூலுக்குரிய வாசகர் நம் ஆறுமுகநேரியிலேயே இருக்கலாம். அடுத்த மழைக்காலத்தில் அளம் ஓய்ந்தவுடன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளை நூலகத்துக்குச் செல்லுங்கள். உறுப்பினராகுங்கள். எடுத்துவந்த நூலின் பெயரை அன்றிரவே நோட்டில் எழுதுங்கள்.

நம் முன்னோர் நமக்கு விட்டுச் சென்ற கணக்கேடுகளில் யாருக்கு எத்தனை மூட்டை விற்றார், யாரிடம் எத்தனை ரூபாய் பாக்கி என்பன தெரிகின்றன. அவர்கள் எதைக் கேட்டு மகிழ்ந்தார்கள், எந்தக் கதைக்குக் கண்ணீர் விட்டார்கள், எந்த நூலைப் படிக்க விரும்பிக் கிடைக்காமற் போனார்கள் என்பன தெரியவில்லை. நம் பேரப்பிள்ளைகள் நம்மைப்பற்றி அவ்வாறு சொல்லும்படி விடலாகாது. ஒரு நோட்டின் விலை அற்பம். அதனை எழுதும் நேரமோ ஒரு நூலுக்கு இரண்டு நிமிடம்.